தேத்தண்ணி நேரத்து ‘ஏன்’களைக் கெடுக்கும் பதில்கள்

நுவரெலியாவில் தண்ணீர் கொழும்பை விடக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஆனால் கடலை வேக அங்கேதான் அதிக நேரம் எடுக்கும். மழை விடாத ஒரு சாயங்காலம் லயத்து இஸ்தோப்பில் இதைச் சும்மா சொல்லிப் பாருங்கள். பிளேன்டி ஆறிப்போகும், பேச்சு ஆறாது. ஸ்கூல் பிள்ளை முதல் தாத்தா வரை ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள்.

மலைநாட்டில் இந்த மாதிரி விஷயத்துக்குப் பஞ்சமில்லை. பனிமூட்டம், அட்டை, ரயில் பாதை, கொழுந்து என்று கண்ணில் படுகிற எல்லாவற்றிலும் ஒரு ‘ஏன்’ இருக்கிறது. இருந்தும் பல வீடுகளில் பேச்சு இரண்டு நிமிடத்தில் படுத்துவிடும். பதில் தெரிந்த ஒருவர் அங்கே இருப்பதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

கடலைக் கதையையே எடுத்துக்கொள்வோம். தெரிந்தவர் உடனே, “வளியமுக்கம் குறைவு, அதான்” என்று முடித்துவிடுவார். பிள்ளைக்குக் கிடைத்தது பரீட்சையில் எழுத ஒரு சொல். கடலை ஏன் வேகவில்லை என்பது அப்படியே நிற்கிறது. பெயரைச் சொல்லிவிட்டுக் காரணத்தைச் சொன்னதாக நினைப்பது படித்தவர்கள் அதிகம் செய்கிற தவறு. அந்த நேரத்தில் ஒரு கேள்வியைப் போடலாம்: “தண்ணி கொதிச்சுக்கிட்டிருக்கு. இன்னும் ரெண்டு விறகு வெச்சா கடலை சீக்கிரம் வேகுமா?” பாதிப்பேர் வேகும் என்பார்கள். வேகாது. மூடாத பானையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் எவ்வளவு எரித்தாலும் அதன் சூடு ஏறாது; ஆவிதான் கூடுதலாகப் போகும். கடல் மட்டத்தில் அந்தச் சூடு 100 பாகை செல்சியஸ். சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகை. தண்ணீருக்குள் உண்டாகும் ஆவிக் குமிழி, மேலே அழுத்துகிற காற்றை எதிர்த்துத்தான் விரிய வேண்டும். அங்கே வளியமுக்கம், அதாவது காற்றின் அழுத்தம், கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், அதனால் குமிழிக்கு வேலை சுலபம். கடலைக்குக் குமிழியைப் பற்றி என்ன கவலை, அதற்குத் தேவை சூடு. ஆறு பாகை குறைந்த தண்ணீரில் அது மெதுவாகத்தான் வேகும்.

இந்த இடத்தில் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். யாராவது ஒருவர், அநேகமாக அடுப்படியில் இருக்கிற அத்தை, “அப்போ குக்கர்ல சீக்கிரம் வேகுறது அதனாலயா?” என்று கேட்பார். ஆமாம், ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை 100ஐயும் தாண்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால் அத்தை அதைக் காதிலேயே வாங்கியிருக்க மாட்டார். நம்பாதவர்களுக்கு ஒரு சோதனையும் இருக்கிறது. நுவரெலியாவில் ஒரு வெறும் பிளாஸ்டிக் போத்தலை இறுக்கி மூடி, பையில் போட்டுக்கொண்டு கொழும்பு பஸ் ஏறுங்கள். இறங்கும்போது போத்தல் ஒடுங்கிப் போயிருக்கும். மலை ஏறும்போது சிப்ஸ் பக்கெட் உப்பிக்கொள்வதும் இதே கணக்குத்தான்.

அரைப் பதிலோடு திருப்திப்படுவது இன்னொரு தவறு. “சூரியனுக்குக் கிட்டப் போகப் போக ஏன் மாமா குளிருது?” என்று மருமகள் கேட்கிறாள். அந்தக் ‘கிட்ட’வைப் பகிடியாகவே முடித்துவிடலாம்: சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோமீற்றர் தூரத்தில், இலங்கையிலேயே உயரமான பீதுருதாலகால மலை 2,524 மீற்றர். அப்புறம் வழக்கமான பதில் வரும். வெயில் காற்றை நேரே அவ்வளவாகச் சூடாக்குவதில்லை, நிலத்தைச் சூடாக்குகிறது, நிலம் காற்றைச் சூடாக்குகிறது, ஆகவே நிலத்தை விட்டு மேலே போனால் குளிர். சரி. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை விடமாட்டாள். “நாமளும் நிலத்து மேலதானே நிக்கிறோம்?” இங்கேதான் பல மாமாக்கள் “போய்ப் படி” என்று எழுந்துவிடுகிறார்கள்.

கேள்வி நியாயமானது. நுவரெலியா நிலமும் சூடாகத்தான் செய்கிறது. மத்தியான வெயில் அங்கே தோலைச் சுள்ளென்று சுடும். ஆனால் மலையைச் சுற்றி அடிக்கிற காற்று அந்த உயரத்துக் காற்று. கீழிருந்து மேலே வருகிற காற்று அழுத்தம் குறைந்து விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சராசரியாக ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை. சரிவில் கொஞ்சம் சூடேறிய காற்றையும் இந்தக் குளிர்காற்று வந்து அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் வெயிலில் வேர்க்கிறது, நிழலுக்கு வந்ததும் ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கிறது.

இது பிடிபட்டதும் இன்னொரு ஆபத்து. ‘உயரப் போனால் குளிர்’ என்பதை எல்லாவற்றுக்கும் போட ஆரம்பித்துவிடுவோம். தை மாதத்தில் பனி விழுந்து கொழுந்து கருகுகிறதே, எங்கே முதலில் கருகும் என்று தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். பள்ளத்தையும் ஓடைக் கரையையும்தான் காட்டுவார்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதைத் தொட்ட காற்று குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று சரிவில் தண்ணீர் போல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அந்த ஓர் இரவுக்கு, அந்தச் சின்ன இடத்துக்குள், கீழே இருப்பதுதான் அதிகக் குளிர்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது, நல்ல கதை ஒன்று கிடைத்ததும் கேள்வியை நிறுத்திவிடுவது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு கதை கட்டாயம் காதில் விழும். முதலாம் உலகப் போருக்கு இரும்பெல்லாம் போய்விட்டதாம், அதனால் இரும்பே இல்லாமல் கட்டினார்களாம். கேட்க அருமை. போர் முடிந்தது 1918இல், பாலம் முடிந்தது 1921இல். இந்த வருடங்களை மட்டும் வைத்துக் கதையைப் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆனால் அதைவிடச் சுவையான கேள்வி ஒன்று இருக்கிறது: வளைவுப் பாலத்துக்கு இரும்பு எதற்கு? வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்குகிறது. ரயிலின் பாரம் அந்த நெருக்கத்தைக் கூட்டி, தூண் வழியாக நிலத்துக்கு இறங்குகிறது. கல்லும் கொங்கிரீட்டும் நெருக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால்தான் வெடிக்கும். இரும்பு பெரும்பாலும் அந்த இழுவையைத் தாங்கத்தான் தேவைப்படுகிறது. ரோமர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் இப்படிக் கட்டிய பாலங்களில் சில இன்னும் நிற்கின்றன. போர்க் கதையோடு நிறுத்தியவர்களுக்கு இது எதுவும் கிடைக்காது.

பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பதும் பேச்சைக் கொல்லும். “அட்டை கெட்ட ரத்தத்தைத்தான் குடிக்கும்” என்கிறார் பாட்டி. அட்டைக்கு நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் எல்லாம் கிடையாது. ஆனால் பாட்டி பார்த்தது உண்மை: அட்டை விழுந்த பிறகும் ரத்தம் நிற்காமல் வடிகிறது. உறையவிடாமல் தடுக்கும் பொருள் ஒன்று அட்டையின் எச்சிலில் இருப்பதுதான் காரணம். வானிலை விஷயத்தில் பாட்டி நம்மைவிடக் கெட்டி. ஆடியில் அட்டன் பக்கம் மழை கொட்டும்போது பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்றடிக்கும் என்று அவருக்குத் தெரியும். தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று அட்டன் இருக்கிற மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, மலையைத் தாண்டி, பண்டாரவளை இருக்கிற ஊவாவுக்குள் இறங்கும்போது அழுத்தம் கூடிச் சூடேறுகிறது. நுவரெலியாவைக் குளிர வைத்த விதிதான், இங்கே தலைகீழாக. இன்னும் கீழே மட்டக்களப்பில் அதைக் கச்சான் என்பார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்த வறண்ட காற்றில் பறிக்கிற ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம்.

தேயிலை என்றதும் வெளியூர்ச் சொந்தக்காரர்களிடம் அளந்துவிடுகிறவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். பச்சைத் தேயிலைக்கு வேறு செடி கிடையாது. கொழுந்தை உருட்டி ஒட்சியேற விட்டால் கறுப்பு, சூடு காட்டி அதை முன்பே நிறுத்தினால் பச்சை. டஸ்ட் தேயிலை என்பது பெக்டரித் தரையில் கூட்டி அள்ளியது என்பதும் தப்பு. சலிக்கும்போது வருகிற மிகச் சிறிய துகள் அது, சாயம் சீக்கிரம் இறங்கும்.

கடைசியாக, தெமோதரை ஸ்டேஷனை மட்டும் வாயால் விளக்கப் போகாதீர்கள். பதுளைக்கு இறங்குகிற ரயில் ஸ்டேஷனைத் தாண்டி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்குக் கீழே சுரங்கத்தில் நுழைகிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏற முடியாது, வழுக்கும். அதனால் பாதையை நீட்டிச் சரிவைக் குறைத்திருக்கிறார்கள். காகிதத்தில் வரைந்தால் கோடு கோட்டை வெட்டுகிறதே என்று குழம்புவார்கள். ஒரு நூலை எடுத்து, நடுவில் ஒரு கோப்பையைக் கவிழ்த்து, சுற்றிக் காட்டுங்கள். “ரயில் ரொம்ப நீளமா இருந்தா, இஞ்சின் சுரங்கத்துக்குள்ள போகும்போது கடைசிப் பெட்டி ஸ்டேஷன்லயே நிக்குமா மாமா?” என்று மருமகள் கேட்பாள். கணக்குக் கொப்பியை நீங்கள் தேட வேண்டாம், அவளே எடுத்துவருவாள்.