சலைன் ஏற்றும் முன் கால்களை உயர்த்திப் பார்க்கும் முறை

ரத்த அழுத்தம் குறைந்த நோயாளிக்குத் திரவம் ஏற்றும்போது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தம் கூடும் என்று எதிர்பார்க்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த எதிர்பார்ப்பு ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான் பலிக்கிறது. மற்றவர்களிடம் ஏற்றிய திரவம் நுரையீரலிலும் திசுக்களிலும் தேங்கி, மூச்சை மேலும் கடினமாக்குகிறது. மைய சிரை அழுத்தத்தின் (இதயத்தை ஒட்டிய பெரிய சிரையில் உள்ள அழுத்தம்) ஒற்றை அளவை வைத்து இவ்விரு வகையினரையும் பிரித்தறிய இயலாது. ஆகவே, கால்களை உயர்த்தி, உடலில் உள்ள ரத்தத்தையே சிறிது நேரம் இதயத்திற்குத் திருப்பி விட்டு, விளைவை எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) அளந்து பார்ப்பதே நான் முதலில் பரிந்துரைக்கும் வழி. கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் சுமார் 300 மில்லி ரத்தம் இவ்வாறு இடம் மாறுகிறது, தாழ்த்தினால் திரும்பிவிடுகிறது.

நோயாளியைத் தலைப்பக்கம் 45 டிகிரி உயர்ந்த நிலையில் வைத்துத் தொடங்குங்கள். மட்டமாகப் படுத்திருப்பவரின் கால்களை மட்டும் தூக்கினால் வயிற்றுப்பகுதிச் சிரைகளின் ரத்தம் போதிய அளவு நகராது, சோதனை வலுவிழந்துவிடும். எக்கோ புரோபை இதய நுனியில் வைத்து, பெருந்தமனி வால்வு தெரியும் ஐந்தறைக் காட்சியை எடுத்து, வால்வுக்குச் சற்றுக் கீழே, குறித்த இடத்தில் ரத்தம் பாயும் வேகத்தை அளக்கும் பல்ஸ்டு டாப்ளர் புள்ளியை நிறுத்தி, அலையின் ஓரத்தை வரைந்து வி.டி.ஐ. (ஒரு துடிப்பில் ரத்தம் முன்னேறும் தூரம்; வெளியேறும் ரத்தம் கூடினால் இதுவும் கூடும்) அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஐந்து துடிப்புகளின் சராசரி வேண்டும். துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் இன்னும் கூடுதலான துடிப்புகளை அளக்க வேண்டும். ஒப்பிடுவது ஒரே நோயாளியின் இரண்டு அளவுகளை என்பதால், இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பாதையின் விட்டத்தை அளக்கத் தேவையில்லை. புரோபின் இடமும் கோணமும் மாறாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

பிறகு கட்டிலின் விசையைக் கொண்டே உடலை மட்டமாக்கி, கால்களை 45 டிகிரி உயர்த்துங்கள். கையால் தூக்கினால் வலியும் பதற்றமும் இதயத் துடிப்பைக் கூட்டி முடிவைக் குழப்பும். அதற்கு முன்பே சளியை உறிஞ்சி எடுத்துவிட்டால் இருமலையும் தவிர்க்கலாம். ஒரு நிமிடத்திற்குள் மீண்டும் அளந்துவிட வேண்டும், ஏனெனில் சிலரிடம் உச்ச விளைவு விரைவில் தணிந்துவிடுகிறது. வி.டி.ஐ. 16 செ.மீ.யிலிருந்து 19 செ.மீ. ஆனால் உயர்வு ஏறத்தாழ 19 சதவீதம். 10 சதவீதத்திற்கு மேற்பட்ட உயர்வை நேர்மறை என்று கொள்ளலாம். ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளியேறும் ரத்தம் கூடியும் அழுத்தம் அசையாமல் இருப்பதுண்டு. பழைய நிலைக்குத் திருப்பிய பின் அளவும் திரும்புகிறதா என்று பார்த்தால்தான் சோதனை முழுமையடையும்.

தலைக்குள் அழுத்தம் உயர்ந்தவர்களுக்கும், இடுப்பெலும்போ கால் எலும்போ முறிந்தவர்களுக்கும் இதைச் செய்யக் கூடாது. வயிற்றறை அழுத்தம் மிகுந்திருந்தால் எதிர்மறை முடிவை நம்ப முடியாது. இத்தகையோருக்கு 100 மில்லி திரவத்தை ஒரு நிமிடத்தில் செலுத்தி, அதே டாப்ளர் அளவை முன்னும் பின்னும் ஒப்பிடலாம்.

விரல் சென்சார் காட்டும் பி.வி.ஐ. (மூச்சுக்கு ஏற்ப நாடி அலை எவ்வளவு மாறுகிறது என்னும் அளவு) போன்ற மாறுபாட்டு எண்கள் திரையில் தாமாகவே வருவதால் மனத்தை எளிதில் கவர்கின்றன. நோயாளி முழுவதும் வென்டிலேட்டரின் கட்டுப்பாட்டில் இருந்து, துடிப்பு ஒழுங்காகவும், மூச்சளவு (ஒரு மூச்சில் செலுத்தும் காற்று) உடல் எடையில் கிலோவுக்கு 8 மில்லியாவது இருந்தால்தான் அவற்றுக்கு மதிப்புண்டு. நுரையீரலைக் காக்க 6 மில்லி வைக்கும்போது, திரவத்தால் பயனடையக்கூடியவரிடமும் எண் தாழ்ந்தே தோன்றலாம். ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து ஓடும்போது விரல் குளிர்ந்து, சிக்னலே நலிந்துவிடும். தானே மூச்சு விடுபவரிடம் கீழ்ப்பெருஞ்சிரையின் (உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரை) சுருக்கத்துக்கும் நான் அதிக எடை கொடுப்பதில்லை.

நேர்மறை முடிவு திரவம் தரலாம் என்கிறதே தவிர, தர வேண்டும் என்பதில்லை. நலமான மனிதரின் இதயமும் இவ்வாறே பதிலளிக்கும். விரல் நுனியை 10 விநாடி அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகிறதா, ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது கூடும் பொருள்) உயர்ந்துள்ளதா, சிறுநீர் குறைந்துள்ளதா என்று பார்த்து, திசுக்களுக்கு ரத்தம் போதவில்லை என்று தெரிந்தால் மட்டும் ஏற்றுங்கள். நுரையீரல் அல்ட்ராசவுண்டில் இருபுறமும் நீர்க்கோர்ப்பு தெரிந்தால், நேர்மறை முடிவு கிடைத்த போதிலும் மருத்துவக் குழு தயங்குவது நியாயமே. ஒவ்வொரு முறை ஏற்றிய பின்னும் வி.டி.ஐ.யை மீண்டும் அளந்து, நேரத்துடன் நோயாளியின் பதிவேட்டில் எழுதிய பிறகே அடுத்த பாட்டிலைத் தொங்கவிடுங்கள்.