முழங்கை உள்பக்கம் வலிக்குதா? எறியுற பசங்க பண்ற தப்புங்க

எங்க கடலூர்ல மஞ்சக்குப்பம் கிரவுண்டு பக்கம் காலைல போனீங்கன்னா ஈட்டி எறியுறவனோ பவுண்டரிலேர்ந்து த்ரோ அடிக்கிறவனோ யாராச்சும் ஒருத்தன் முழங்கைய புடிச்சிட்டு நிப்பான், கேட்டா "சுளுக்குண்ணா"ம்பான், சாயங்காலமே எண்ணெய் போட்டு உருவிட்டு வந்துடுவான். மொத தப்பு இதுதான். உருவுறதுல கிழிஞ்ச லிகமெண்ட், அதாங்க எலும்ப எலும்போட சேத்து கட்டுற நாரு, ஒட்டாது.

ரெண்டாவது, எல்லாத்துக்கும் டென்னிஸ் எல்போன்னு பேரு வைக்கிறது. அது வெளிப்பக்க வலிங்க. எறியும்போது கை பின்னால போய் முன்னால வர்ற அந்த நொடில முழங்கையோட உள்பக்கம்தான் பொளந்துக்குற மாதிரி இழுபடும், அங்க லிகமெண்ட் இருக்கு, தசை இருக்கு, இடிச்சிக்கிட்டா ஷாக் அடிக்குமே அந்த நரம்பும் இருக்கு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனா நரம்பு மேல சந்தேகம், எறியும்போது டப்புனு சத்தம் வந்து அதோட வேகமே போச்சுன்னா லிகமெண்ட் மேல. டாக்டர்கிட்ட "கை வலிக்குது"ன்னு மட்டும் சொல்லாதீங்க, எறியுற எந்த கட்டத்துல வலிக்குதுன்னு சொல்லுங்க.

சின்ன பசங்க கதை வேற. எங்க அண்ணன் பையனுக்கு 13 வயசு, தேவனாம்பட்டினம் பீச்லயே கெடப்பான். ஒரு இடத்துல வலிக்கிற கைய மட்டும் எக்ஸ்ரே எடுத்துட்டு நார்மல், விளையாடுன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் வேற டாக்டர் ரெண்டு கையையும் எடுத்து பக்கத்துல வச்சி காட்டினாரு, எறியுற கைல, வளர்ற எலும்பு இன்னும் முழுசா சேராத இடத்துல இடைவெளி பெருசா இருந்துச்சு. அந்த வயசுல லிகமெண்ட்ட விட அந்த எலும்பு சேராத இடம்தான் வீக், அதான் மொதல்ல விட்டுக்கொடுக்கும்.

ஊசி போட்டு மேட்ச் ஆடுறதையும் விட்டுடுங்க, ஸ்டீராய்டு லிகமெண்ட்ட இன்னும் பலவீனமாக்கும்.

"நீரஜ் சோப்ரா 2019-ல முழங்கை ஆபரேஷன் பண்ணிட்டுதான தங்கம் வாங்கினாரு"ன்னு சிலர் கிளம்புறாங்க. அவருக்கு எடுத்தது மூட்டுக்குள்ள கெடந்த எலும்புத் துண்டுங்க, லிகமெண்ட் ஆபரேஷன் இல்ல. லிகமெண்ட்ட புதுசா வச்சு கட்டுறது 1974-ல அமெரிக்காவுல டாமி ஜான்ங்கிற பேஸ்பால் பிளேயருக்கு மொதமொதல்ல பண்ணாங்க, அத பண்ணா திரும்ப ஆட ஒரு வருஷம், அதுக்கு மேலயும் ஆகும். பாதி கிழிஞ்சதுல நிறைய ரெஸ்ட்டுலயும் பிசியோலயும் சரியாகும்.

ஆனா ரெஸ்ட்டுன்னா சும்மா படுக்குறதில்ல. தோள், இடுப்பு, தொடைக்கு பயிற்சி ஓடிட்டே இருக்கணும், ஏன்னா அங்கேர்ந்து வரவேண்டிய சக்தி வரலன்னா முழங்கைதான் வாங்கி கட்டிக்கும். வலி போன மறுநாளே ஃபுல் ஃபோர்ஸ்ல எறியுறதுதான் நான் பாத்ததுலயே பெரிய முட்டாத்தனம், கிட்டேர்ந்து மெதுவா ஆரம்பிச்சு தூரத்தையும் வேகத்தையும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், நடுவுல வலிச்சா ஒரு படி எறங்கிடணும்.

நம்ம அண்ணன் பையனுக்கு ரெண்டு மாசமா த்ரோ கெடையாது, ஸ்கோர் எழுதுறான். கடுப்புல எதிர் டீமுக்கு ரெண்டு ரன் கம்மியா எழுதிட்டான்னு போன ஞாயித்துக்கெழம ஒரே பஞ்சாயத்து.