நவராத்திரி 9 நாளும் என்ன சுண்டல் பண்றது, வர்றவங்களுக்கு என்ன வெச்சுக் கொடுக்கிறது

மகாளய அமாவாசை முடிஞ்சு மறுநாள் கொலு ஆரம்பிச்சாச்சுன்னா அடுத்த 9 நாளும் சாயந்திரம் வீட்டுக்கு ஆள் வரும், தினமும் ஒரு சுண்டல் வேணும், வர்றவங்க கையில வெத்தலை பாக்கோட ஏதாவது ஒண்ணு வெச்சுக் கொடுக்கணும். ஆபீஸ் போய்ட்டு 6 மணிக்கு வீட்டுக்கு வர்றவங்க நிறைய பேர் இதை நினைச்சு மலைச்சுப் போயிதான் கொலுவே வேண்டாம்னு விட்டுடறாங்க. எனக்கு அது ரொம்ப மனசுக்கு கஷ்டமா இருக்கும், ஏன்னா நானும் வேலைக்குப் போற ஆளுதான், ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்லதான் 5 படி கட்டி வருஷா வருஷம் வைக்கிறேன். இதுல கஷ்டம் சமைக்கிறதுல இல்லை, முதல் நாள் ராத்திரி ஊறப்போட மறந்துடறதுல மட்டும்தான் இருக்கு. அதை சரி பண்ணிட்டா மீதி எல்லாம் 20 நிமிஷ வேலை.

முதல்ல எந்த நாளைக்கு எதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிடுங்க. எங்க அம்மா கிழமைக் கணக்கு வெச்சிருந்தாங்க, நவகிரகத்துக்கு உண்டான தானியம் எதுவோ அதுதான் அன்னிக்கு. புதன்னா பச்சைப்பயறு, வியாழன் கொண்டக்கடலை, வெள்ளிக்கு மொச்சை, செவ்வாய்க்கு துவரை, சனிக்கு எள்ளு. ஞாயித்துக்கிழமை கோதுமை, அதனால அப்பம் சுட்டுடுவாங்க. திங்களுக்கு நெல்லுதான் கணக்கு, அரிசியில சுண்டல் கிடையாதுங்கிறதால நான் அன்னிக்கு பாசிப்பருப்பு சுண்டல் வெச்சுக்கிறேன், வாரத்துல முதல் வேலை நாள், ஊறவைக்கிற வேலையும் கம்மி. முழுத்துவரை கிடைக்கலைன்னா காராமணி போடலாம். சனிக்கிழமை எள்ளுருண்டையோ எள்ளு சாதமோ போதும், புரட்டாசி சனின்னு பெருமாளுக்கும் ஆச்சு. வெள்ளிக்கிழமை சில வீட்ல வெல்லம் போட்ட புட்டும் உண்டு. நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், டைம்டேபிளாவே இது ரொம்ப நல்ல டைம்டேபிள், இன்னிக்கு என்ன பண்றதுன்னு நின்னு யோசிக்கவே வேண்டாம், 9 நாளும் விதவிதமான தானியம் உடம்புக்குள்ள போயிடும். 

இனி ஊறவைக்கிற நேரம். கொண்டக்கடலை கறுப்போ வெள்ளையோ 8ல இருந்து 10 மணி நேரம், காய்ஞ்ச பட்டாணி 8 மணி நேரம், மொச்சையும் கொள்ளும் ராத்திரி பூரா. பச்சைப்பயறுக்கு 4 மணி நேரம் போதும், கடலைப்பருப்புக்கு 1 மணி நேரம், பாசிப்பருப்புக்கு அரை மணி. காலையில ஆபீஸ் கிளம்பறப்போ ஊறின தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணி ஊத்தி பாத்திரத்தோட ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிடுங்க. வெளியவே விட்டுட்டுப் போனா நம்ம ஊரு சூட்டுக்கு சாயந்திரம் நுரை கட்டி ஒரு மாதிரி வாடை வந்துடும். ஊறின தண்ணியைக் கொட்டறதுல இன்னொரு நல்லதும் இருக்கு, வயித்துல வாயு சேர்றது குறையும்.

கொண்டக்கடலையை உப்பு போட்டு, கடலைக்கு மேல ஒரு விரல் தண்ணி நிக்கிற மாதிரி ஊத்தி, மீடியம் தீயில 5, 6 விசில் விடுங்க. வெந்துச்சான்னு பாக்க வாயில போட்டுப் பாக்கக் கூடாது, நைவேத்தியம் இல்லையா, அதனால அம்மா ஒரே ஒரு கடலையை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு அழுத்துவாங்க. தோல் வழுக்கிட்டு உள்ள இருக்கறது ரெண்டா பிளந்தா இன்னும் 2 விசில். தோலோட சேர்ந்து மாவா நசுங்கினா சரி. அப்படி நசுங்கினதை இட்லித் தட்டு மேல தடவிட்டு கையைக் கழுவிட்டு அடுத்த வேலைக்குப் போவாங்க, அந்த விரல் அசைவு எனக்கு அப்படியே கண்ணுல நிக்குது, இப்ப நானும் அப்படித்தான் பாக்கறேன்.

ஒரு வருஷம் எத்தனை விசில் விட்டும் பட்டாணி வேகவே இல்லை, வாசல்ல ஆள் வந்து உக்காந்தாச்சு. காரணம் ரெண்டு இருக்கலாம், ஒண்ணு சரக்கு பழசு, ரொம்ப நாள் கடையில கிடந்த பயறு என்ன பண்ணினாலும் விரைச்சுட்டேதான் இருக்கும், இன்னொண்ணு போர் தண்ணி. உப்புத் தண்ணி, சுண்ணாம்பு தண்ணியில பயறு சீக்கிரம் வேகாது, அதனால குடிக்கிற தண்ணியிலயே ஊறவெச்சு அதுலயே வேகவைங்க. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டா சட்டுனு வெந்துடும்தான், ஆனா பி விட்டமின் கொஞ்சம் போயிடும், ருசியும் சோப்பு மாதிரி ஆயிடும், நான் போடறதில்லை. வேகவெச்ச தண்ணியை மட்டும் தயவு செஞ்சு சிங்க்ல கொட்டாதீங்க, அன்னிக்கு ராத்திரி ரசத்துக்கு அதை விட்டா வேற எதுவுமே வேண்டாம்.

பாசிப்பருப்பையும் கடலைப்பருப்பையும் குக்கர்ல போடவே போடாதீங்க, குழைஞ்சு கூட்டு ஆயிடும். திறந்த பாத்திரத்துல கொதிக்கிற தண்ணியில போட்டு பக்கத்துலயே நிக்கணும். பாசிப்பருப்பு 7, 8 நிமிஷத்துல மலர்ந்து நிக்கும், விரல்ல நசுக்கினா நசுங்கணும், ஆனா தானா உடையக் கூடாது, அந்த நிமிஷம் வடிகட்டிடணும். ராஜ்மா பண்றவங்க கவனமா இருங்க, அது அரைவேக்காடா இருந்தா வாந்தி, வயித்துப்போக்குன்னு படுக்க வெச்சுடும், நல்லா தளதளன்னு கொதிச்சு முழுசா வெந்தே ஆகணும்.

தாளிக்கிறது எல்லாத்துக்கும் ஒண்ணுதான். தேங்காய் எண்ணெய் 2 ஸ்பூன், காய்ஞ்சதும் கடுகு, வெடிச்சு அடங்கினதும் உளுத்தம்பருப்பு, அது சிவக்க ஆரம்பிக்கும்போதே கிள்ளின வரமிளகாய், பெருங்காயம், கடைசியா கறிவேப்பிலை. கறிவேப்பிலை விழுந்த சத்தம் அடங்கறதுக்குள்ள வெந்த கடலையைக் கொட்டிடணும், ரெண்டு செகண்ட் லேட்டானா உளுத்தம்பருப்பு கருகி மொத்த சுண்டலும் கசக்கும். வெங்காயம் பூண்டு கிடையாது. தண்ணி சுத்தமா வத்தினதும் அடுப்பை அணைச்சுட்டு அப்புறம்தான் தேங்காய்த் துருவல். சாயந்திரம் ஆள் வர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தேங்காய் கலந்து வெச்சா ராத்திரி 8 மணிக்கு வர்றவங்களுக்கு ஊசிப்போன சுண்டல்தான் கிடைக்கும். தாளிச்சதை அப்படியே வெச்சுட்டு, சாமிக்கு எடுக்கும்போது கொஞ்சம், ஆள் வர வர கொஞ்சம்னு தேங்காய் தூவிக் கொடுங்க. பட்டாணிக்கு பொடிப்பொடியா நறுக்கின மாங்காயும், பாசிப்பருப்புக்கு எலுமிச்சம்பழமும் சேர்த்தா தனி ருசி. மெரினா பீச்ல தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல்னு கூவறதைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

முன்கூட்டியே பண்ணி வெச்சுக்கக்கூடியது ஒண்ணே ஒண்ணு, சுண்டல் பொடி. தனியா 4 ஸ்பூன், கடலைப்பருப்பு 3 ஸ்பூன், வரமிளகாய் 8, கட்டிப் பெருங்காயம் ஒரு சின்ன துண்டு, எல்லாத்தையும் தனித்தனியா சிவக்க வறுத்து, ஆறவெச்சு கொரகொரன்னு பொடிச்சு பாட்டில்ல போட்டுட்டா 9 நாளும் வரும். கொண்டக்கடலைக்கும் மொச்சைக்கும் கடைசியில ஒரு ஸ்பூன் தூவினா போதும். இனிப்பு சுண்டல்னா காராமணியோ கடலைப்பருப்போ வெல்லம் போட்டு பண்ணலாம், அதுல ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பயறு முழுசா வெந்த அப்புறம்தான் வெல்லம். வெல்லம் விழுந்துட்டா அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் வெச்சாலும் வேகாது.

கால் கிலோ பயறு 10, 12 பேருக்கு சின்னக் கிண்ணத்துல கொடுக்க சரியா இருக்கும். சுண்டல் எவ்வளவு நல்ல ஸ்நாக்ஸ்னு நாம கொலு முடிஞ்சதும் மறந்துடறோம், வெந்த கொண்டக்கடலை 100 கிராம்ல கிட்டத்தட்ட 9 கிராம் புரதம் இருக்கு, நார்ச்சத்து 7, 8 கிராம் வரும். பசங்க ஸ்கூல் விட்டு வந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற நேரத்துக்கு இது தட்டுல இருந்தா அதைத்தான் எடுக்கறாங்க, எங்க வீட்ல பாத்திருக்கேன். ரொம்பக் குட்டிக் குழந்தைகளுக்கு மட்டும் முழுக் கடலை, வேர்க்கடலை கொடுக்காதீங்க, தொண்டையில அடைச்சுக்கும், அவங்களுக்கு பாசிப்பருப்பு சுண்டல் தனியா எடுத்து வைங்க. வேர்க்கடலை பண்ற அன்னிக்கு வர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, சிலருக்கு அலர்ஜி இருக்கும். கொடுக்கிறதுக்கு வாழையிலைத் தொன்னையோ பாக்குமட்டைக் கிண்ணமோ வாங்கிக்கோங்க, தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து தூக்கிப்போடற பிளாஸ்டிக் கப்புக்குத் தடை இருக்கு, அதோட சூடான சுண்டல் பட்டதும் தொன்னையில இருந்து ஒரு வாசனை வருமே, அது பிளாஸ்டிக்ல எங்க வரும்.

கொலுவைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். படி ஒத்தைப்படையா 3, 5, 7, 9னு இருக்கணும், இடம் இல்லைன்னா 3 படி போதும், அட்டைப்பெட்டி மேல வெள்ளை வேஷ்டி விரிச்சாக்கூட படிதான். மரப்பாச்சி ஜோடி முதல்ல ஏறணும். பழைய காகிதக்கூழ் பொம்மை, மண் பொம்மையை ஈரத்துணியில துடைக்காதீங்க, வர்ணம் கையோட வந்துடும், காய்ஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷால தட்டினா போதும். வருஷத்துக்கு ஒரு பொம்மை புதுசா வாங்கறது வழக்கம், சென்னையில மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில நவராத்திரிக்கு முன்னாடியே கடை போட்டுடுவாங்க, மதுரைக்காரங்களுக்கு பக்கத்துலயே விளாச்சேரி இருக்கு, பண்றவங்ககிட்டயே வாங்கலாம்.

அடுத்தது வெச்சுக் கொடுக்கிற சாமான். இதை நான் ரொம்ப யோசிச்சுதான் சொல்றேன். வெத்தலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, பழம் இதுதான் தாம்பூலம், கூட வைக்கிற பொருள் நம்ம இஷ்டம். நாம என்ன பண்றோம், மொத்தக் கடைக்குப் போயி 50 பிளாஸ்டிக் டப்பா, 50 பிளாஸ்டிக் தட்டு வாங்கிட்டு வர்றோம், அது ஒவ்வொரு வீட்லயும் பரண்ல அடுக்கி கிடக்கு. ரவிக்கைத் துணியும் அப்படித்தான், 80 சென்டிமீட்டர் பிட்டு நிறைய பேருக்கு பத்தவே பத்தாது, அதனால அது தைக்காமலே அடுத்த வீட்டுக்கு அடுத்த வருஷம் போகும். கொடுக்கறதா இருந்தா 1 மீட்டரா, காட்டன்ல கொடுங்க, அவங்க தைச்சுப் போட்டுட்டு வந்து காட்டுவாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது செட்டிநாட்டு கொட்டான். பனையோலையில பின்னின சின்னக் கூடை, புவிசார் குறியீடு வாங்கினது, தாம்பூலம் முழுசையும் அதுக்குள்ளயே வெச்சுக் கொடுத்துட்டா தனியா கவர் தேவையில்லை, வாங்கினவங்க பூ வைக்க, சாவி போட, பூண்டு போட்டு வைக்கன்னு வருஷம் பூரா உபயோகிக்கிறாங்க. அவ்வளவு பட்ஜெட் இல்லைன்னா மஞ்சப்பை. சாப்பிடற பொருளா கொடுக்க நினைச்சா உடன்குடி கருப்பட்டி ஒரு வட்டு, இல்ல கோவில்பட்டி கடலை மிட்டாய், இல்ல நம்ம பண்ணின சுண்டல் பொடியையே சின்ன கண்ணாடி பாட்டில்ல போட்டு மூடியில ஒரு துணி கட்டிக் கொடுங்க, போன வருஷம் நான் அதைத்தான் கொடுத்தேன், தீபாவளி வரைக்கும் ஃபோன் பண்ணி அளவு கேட்டாங்க. தாம்பூலத்துல மஞ்சள் எப்படியும் வைக்கப்போறோம், பாக்கெட்ல வர்ற 2 சின்ன துண்டுக்குப் பதிலா நல்ல ஈரோட்டு மஞ்சள் கிழங்கு வாங்கி 5, 6 போட்டா அதுவே பரிசுதான். பசங்களுக்கு தனியா யோசிங்க, ஒரு பொட்டணத்துல சோழி, இல்ல கலர் பென்சில், இல்ல கீரை விதை, வெண்டை விதைன்னு கொடுத்தா அன்னிக்கே தொட்டியில போட்டுட்டு மறுநாள் முளைச்சுதான்னு கேட்டு வந்து நிக்கும்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். எங்க பெரியம்மாவுக்கு பெரியப்பா போன அப்புறம் ஒரு வீட்ல எல்லாருக்கும் குங்குமம் கொடுத்துட்டு வந்து அவங்க முன்னாடி அந்தத் தட்டு அப்படியே திரும்பிப் போச்சு. அவங்க ஒண்ணும் சொல்லலை, புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கிட்டு கொலுவையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. அதுல இருந்து எங்க வீட்ல யார் வந்தாலும் ஒரே தட்டு, ஒரே தாம்பூலம், வேண்டாம்னா அவங்களே வேண்டாம்னு சொல்லட்டும், நாம நீட்டாம இருக்கக் கூடாது. கொலுவுக்கு கூப்பிடும்போதும் பெரியம்மா மாதிரி இருக்கறவங்களை முதல்ல கூப்பிடுங்க, வீட்டு வேலை செய்யற அக்கா, வாட்ச்மேன் வீட்டுப் பொண்ணு, பக்கத்து ஃப்ளாட்ல பாடத் தெரியாதுன்னு வெட்கப்படற பொண்ணு எல்லாரையும் கூப்பிடுங்க.

சுண்டல் மீந்துட்டா ஃப்ரிட்ஜ்ல வெச்சு மறுநாள் காலையிலயே முடிச்சுடுங்க. அடை மாவுல அரைச்சு விடலாம், மசிச்சு உருளைக்கிழங்கோட சேர்த்து கட்லெட் தட்டலாம், அவ்வளவு ஏன், சூடு பண்ணி தயிர் சாதத்துக்கு தொட்டுக்கிட்டாலே நல்லாத்தான் இருக்கும். விஜயதசமி ராத்திரி ஆரத்தி எடுத்து ஒரு பொம்மையைப் படுக்க வெச்சுட்டு, மறுநாள் எல்லாத்தையும் பழைய காட்டன் துணியில சுத்தி கட்டும்போது பெட்டி மேல எந்தப் படி, என்ன பொம்மைன்னு ஸ்கெட்ச் பேனாவுல எழுதிடுங்க. அந்தப் பெட்டிக்குள்ளயே இந்த வருஷம் எத்தனை பேர் வந்தாங்க, எந்தப் பயறு எவ்வளவு ஆச்சு, யாருக்கு என்ன கொடுத்தோம்னு ஒரு துண்டு சீட்டும் எழுதி மரப்பாச்சி பக்கத்துல வெச்சுடுங்க, அடுத்த வருஷம் பெட்டியைத் திறந்ததும் முதல்ல கையில வர்றது அதுவா இருக்கட்டும்.