மழைக்கு முன்னால் கோவில் பெடல் ஆர்கனை எப்படிச் சரிபார்ப்பது?

டெல்டாவின் சின்ன ஊர் லுத்தரன் கோவிலில் பைப் ஆர்கன் கிடைப்பது அபூர்வம். காலால் மிதித்து வாசிக்கிற பழைய பெடல் ஆர்கன் இருந்தாலே பெரிய விஷயம், அதுவும் ஒரு மூலையில், தலையில் பூச்சாடியும் கிழிந்த ஞானப்பாட்டுப் புத்தகங்களுமாக. நாலு கட்டை பேசவில்லை என்றதும் கீபோர்டு வாங்கிவிடலாம் என்று கமிட்டி கிளம்பிவிடும். கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் தூசியும் ஈரமும்தான் காரணம்.

பைப் ஆர்கனில் காற்று குழாய்க்குள் தள்ளப்படும். இதில் பெரும்பாலும் தலைகீழ்: மிதிக்க மிதிக்க உள்ளே இருக்கிற காற்று வெளியேறும், கட்டையை அழுத்தினால் வெளிக்காற்று பித்தளை ரீட் (சின்னச் சட்டத்தில் அதிர்ந்து ஒலிக்கிற மெல்லிய நாக்கு) வழியாக உள்ளே பாயும், கூடவே கோவில் தூசியும் போய் ரீடில் உட்காரும்.

எனவே புரட்டாசிக்குள் ரீட்களைச் சுத்தம் செய்துவிடுங்கள். பேசாத கட்டையின் ரீட்டை மட்டும், அதன் சட்டத்தின் நுனியில் இருக்கிற பள்ளத்தில் சின்னக் கொக்கியை மாட்டி நேராக இழுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இடம், மாறினால் சுரம் மாறிப்போகும், அதனால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பது நல்லது. காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். பித்தளைதானே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! நாக்கின் நுனி தேய்ந்தால் சுருதி ஏறும், அடிப்பக்கம் தேய்ந்தால் இறங்கும். தரங்கம்பாடி, பொறையாறு பக்கம் உப்புக்காற்றில் எஃகு ஸ்பிரிங்குகள் துருப்பிடிக்கும், அவற்றையும் ஒருமுறை பாருங்கள்.

விரலை எடுத்த பிறகும் ஒரு சுரம் விடாமல் கத்தினால், ரீட்டுக்குக் காற்றைத் திறந்து மூடுகிற வால்வுக்கு அடியில் குப்பை சிக்கியிருக்கும், இல்லையென்றால் மரம் ஈரத்தில் ஊதியிருக்கும். கார்த்திகை மழையில் ஊதிய கட்டையை இழைக்கச் சொல்லாதீர்கள், மாசியில் தானாகச் சுருங்கிவிடும், அப்போது இடைவெளி விழுந்துவிடும்.

அப்புறம் எலி. சம்பா அறுவடை முடிந்தால் வயல் எலிகள் கோவிலுக்குள் வரும், துருத்தித் துணி என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். அந்தக் காலத்துக் கம்பெனிகளே எலி புகாத பெடல் என்று விளம்பரம் செய்தன என்றால் பாருங்கள். பெடல் பக்கத்து இடைவெளிகளில் கம்பி வலை அடியுங்கள். துருத்தி கிழிந்திருந்தால் தச்சர் வெள்ளைப் பசையோடு வருவார். வேண்டாம், பழைய வேலை வஜ்ஜிரப் பசையில் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை) ஒட்டியது, சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும். வெள்ளைப் பசை காய்ந்துவிட்டால் அடுத்த முறை பிரிக்கும்போது மரமே பிய்ந்து வரும்.

கடைசியாக ஒன்று, கீபோர்டோடு சேர்த்து வாசிக்கப் பார்க்காதீர்கள். கீபோர்டின் சுருதி இன்றைய பொது அளவான 440-இல் (A சுரம் 440 ஹெர்ட்ஸ்) நிற்கும், பழைய ஆர்கன் கொஞ்சம் தள்ளி நிற்கலாம், அதைப் பொருத்துவதற்காக ரீட்டைச் சுரண்ட ஆரம்பித்தால் ஆர்கன் போச்சு.