பூட்டிக் கிடந்த கேரம் கிளப்பைத் திறப்பது எப்படி

2020 மார்ச் கடைசியில், கொரோனா ஊரடங்கில், வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் கிளப்பைப் பூட்டினோம். அப்புறம் தட்டுத்தடுமாறித் திறந்து, பசங்க வர ஆரம்பித்த நேரத்தில், 2021 மே 10 முதல் மறுபடி முழு ஊரடங்கு. அன்று ராத்திரி சாவியை வீட்டுச் சுவரில் விட்டெறிந்தேன். சுண்ணாம்பு பெயர்ந்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. இரண்டு தடவை திறந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் போர்டு. இடம் மிச்சமாகுமே என்று சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். மழைக்காலத்து ஈரம் கீழ்ப்பக்கம் ஏறிவிட்டது. சட்டத்துக்குள் ஒரு நீள இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் பலகை வளைந்திருக்கிறது. ஊறி உப்பிய பிளைவுட் பழையபடி திரும்பாது. அதைத் தேய்த்துக்கொண்டு இருக்காமல் சின்னப் பிள்ளைகள் பழக ஒதுக்கிவிடுங்கள். மற்றதைக் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். தண்ணீர் கூடாது, வெயிலும் கூடாது. மேலே தொங்கும் பல்பை இரண்டு சாயங்காலம் எரியவிட்டால் போதும். காய் வழுக்கி ஓடப் பலகையில் தூவும் போரிக் பவுடர் கட்டி தட்டியிருந்தது, அதை வேட்டித் துணியில் சலித்துப் பார்த்தேன், உதவவில்லை. புதுசு வாங்குங்கள்.

9 கறுப்பை அடுக்கி, பக்கத்தில் 9 வெள்ளையை அடுக்குங்கள். உயரம் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ காய் உப்பியிருக்கிறது. காயை அடிக்கும் ஸ்ட்ரைக்கர் ஆளுக்கொன்று இருக்கட்டும், 15 கிராமுக்கு மேல் போகாமல். தொற்று பயத்தில் அப்போது கொஞ்ச நாளைக்கு டபுள்ஸ், அதாவது நாலு பேர் ஆடும் ஆட்டம், வேண்டாம் என்று வைத்தோம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பலகையைச் சரிபண்ணிவிடலாம், பசங்கதான் கஷ்டம். எங்களிடம் நன்றாக ஆடிய ஒருவன் பைக்கில் சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டான். முதல் தடவை அவனிடம் பழைய சந்தா பாக்கியைக் கேட்டேன், இந்தப் பக்கமே வரவில்லை. இரண்டாம் தடவை பாக்கி எல்லாருக்கும் தள்ளுபடி. வேலைக்குப் போகிறவர்களுக்காக ராத்திரி 9 முதல் 11 வரை திறந்து வைத்தேன், வந்தான். பெண் பிள்ளைகளுக்கு மாலை 4 மணி. அவர்கள் அம்மாக்களிடம் நேரில் போய்ப் பேசுங்கள். கேரமில் உலக சாம்பியன் பட்டம் வென்ற இளவழகி இதே வியாசர்பாடிதான், அந்தப் பெயரைச் சொன்னால் இங்கே பாதி வேலை முடிந்துவிடும்.

வாடகை பாக்கியை மொத்தமாகத் தருகிறேன் என்று வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். மாசம் இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், திறந்த அன்றே போட்டி வைக்காதீர்கள். மாசக்கணக்கில் ஸ்ட்ரைக்கரைத் தொடாத விரலுக்கு சிவப்புக் காய் ரெட் விழாது, விழுந்தாலும் அதை உறுதிசெய்ய அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காய் விழாது. நான் வைத்தேன். இரண்டு பேர் பாதி ஆட்டத்தில் காயைக் கலைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஒருவன் இன்னும் வரவில்லை.