டெக்சாஸில் மேற்படிப்பு: இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை முதலில் கேளுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து டெக்சாஸுக்கு முதுகலை படிக்க வருகிறவர்களுக்கு, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம், சென்னை விசா நேர்காணல் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 சேர்க்கைப் படிவத்தில் குறித்த தொடக்க நாளுக்கு 30 நாள்களுக்கு மேல் முன்னதாக நாட்டுக்குள் நுழைய முடியாது என்பதை மட்டும், பயணச்சீட்டு எடுக்கும்போது நினைவில் வையுங்கள்.

இம்மாநிலத்தின் வரலாறு புதுச்சேரிக்காரர்களுக்கு முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. பிரெஞ்சுக்காரர்கள் நம் கடற்கரையில் காலூன்றிய 1674-க்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தைத் தேடிவந்த பிரெஞ்சுப் பயணி லா சால் வழி தவறி இங்குள்ள மட்டகோர்டா விரிகுடாவில் இறங்கினார். அவர் அமைத்த குடியிருப்பு சில ஆண்டுகளிலேயே அழிந்தது. ஸ்பெயின், மெக்சிகோ ஆட்சிகளுக்குப் பின் 1836-இல் தனிக் குடியரசான டெக்சாஸ், 1845-இல் அமெரிக்காவோடு இணைந்தது. தனி நாடாக இருந்த பெருமிதம் இன்றும் ஒற்றை நட்சத்திரக் கொடியாக வீட்டு வாசல்களில் பறக்கிறது.

1876-ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு உயர்கல்விக்கென நிலம் ஒதுக்கியது. அதற்காக மேற்கே கிடைத்த வறண்ட நிலத்தில், 1923-இல் சான்டா ரீட்டா கிணற்றிலிருந்து எண்ணெய் பீறிட்டது. அந்நிலத்தின் எண்ணெய்ப் பணம் சேரும் நிரந்தர நிதியின் வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு டெக்சாஸ் பல்கலைக்கழக அமைப்புக்கும், எஞ்சியது டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக அமைப்புக்கும் செல்கிறது. நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மண்ணுக்கடியில் கிடைத்த செல்வம் நூலகங்களாகவும் ஆய்வுக்கூடங்களாகவும் எழுந்திருப்பதைக் கண்டபோது பொறாமைதான் வந்தது.

ஆனால் அரசுப் பல்கலைக்கழகங்களில் மாநிலத்தவருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு அதைவிடப் பெரிதும் கூடிய கட்டணம். ரைஸ் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் இந்த வேறுபாடு இல்லை. போட்டி அடிப்படையில் கல்வியாண்டுக்குக் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகையைப் பல்கலைக்கழகத்திடமிருந்து பெறும் வெளியாருக்கு, மாநிலத்தவர் கட்டணத்தையே விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. உதவித்தொகை சிறிது, அதனால் மிச்சமாகும் கட்டணமே பெரிது.

முத்தியால்பேட்டையைச் சேர்ந்த என் நண்பனுக்கு இச்சலுகை கிடைத்தது. கடிதத்தில் "முதல் கல்வியாண்டுக்கு" என்றிருந்ததை அவனும் கவனிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வங்கிக்குக் கணக்கு எழுதிக் கொடுத்த நானும் கவனிக்கவில்லை. ஒருமுறை கிடைத்த சலுகை படிப்பு முடியும்வரை தொடரும் என்று நினைத்தோம். தொடராவிட்டாலும், ஊரில் இருப்பிடச் சான்று வாங்குவதைப் போல, ஓராண்டு குடியிருந்ததைக் காட்டி உள்ளூர்க்காரனாகிவிடலாம் என்றும் நம்பினோம். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் எத்தனை ஆண்டுகள் வாடகை கொடுத்திருந்தாலும் அந்தத் தகுதி கிடைக்காது என்பதை, இரண்டாம் ஆண்டுக் கட்டணச் சீட்டு வந்த பிறகே அறிந்தோம். முதல் ஆண்டுச் செலவை இரண்டால் பெருக்கி வாங்கிய கடன் போதாமல், அவனுடைய அப்பா வீட்டுப் பத்திரத்தையும் வங்கியில் வைக்க வேண்டியதாயிற்று. அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே சேர்க்கைக் கடிதம் வந்தவுடன், இரண்டாம் ஆண்டிலும் உதவித்தொகை உண்டா, அதற்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று துறைக்கு எழுதிக் கேளுங்கள். படிப்போடு தொடர்புடைய ஆசிரிய உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பணி அரைநேர அளவில், அதாவது வாரத்துக்கு 20 மணி நேரம், கிடைத்தாலும் மாநிலத்தவர் கட்டணம் பொருந்தும். அதையும் சேர்த்துக் கேளுங்கள். தொலைபேசியில் யாரோ கனிவாகச் சொன்ன "கவலை வேண்டாம்" கணக்கில் சேராது. எழுத்தில் பதில் வரும்வரை, வங்கிப் படிவத்தில் இரண்டாம் ஆண்டுக்கு வெளியாருக்கான முழுக் கட்டணத்தையே குறிப்பிடுங்கள்.