நெரிசலைக் குறைக்கும் கார்கள்: பிஎச்.டி.யை எங்கிருந்து தொடங்குவது?

நெதர்லாந்தின் டெல்ஃப்டில் போக்குவரத்து ஆராய்ச்சியில் இருக்கிறேன். "தானியங்கி கார்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொண்டு நெரிசலைக் குறைப்பது பற்றி பிஎச்.டி. பண்ணணும், எங்கிருந்து ஆரம்பிக்கட்டும் அக்கா?" என்று ஊரிலிருந்து பிள்ளைகள் எழுதிக் கேட்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கும். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: மனிதர் ஓட்டும் காரிலிருந்து ஆரம்பியுங்கள். இன்னும் பல வருடங்களுக்குச் சாலையில் அவர்கள்தான் பெரும்பான்மை. தானியங்கி காரால் எவ்வளவு பலன் என்பது அதற்குப் பின்னால் வருகிற மனிதரின் கையில்தான் இருக்கிறது.

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். ஒரு சாலைத் துண்டு, ஒரு வகை நெரிசல், ஒரு கட்டுப்பாட்டு முறை போதும். இங்கே ஏ12 நெடுஞ்சாலையில் 2009-10இல் ஹெகி என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்த சோதனை நல்ல மாதிரி. நெடுஞ்சாலையில் யாரோ ஒருவர் பிரேக் போட, அது பின்னால் பின்னால் அலையாக நகரும். மணிக்குச் சுமார் 15-20 கி.மீ. வேகத்தில் எதிர்த்திசையில் போகும். சாலைக்கு அடியில் பதித்த சென்சார்கள் அந்த அலையைக் கண்டுபிடித்ததும், அதை நோக்கி வருகிறவர்களுக்கு மேலே உள்ள பலகைகளில் வேக வரம்பைக் குறைத்துக் காட்டினார்கள். அலைக்குள் நுழையும் வண்டிகள் குறைந்தால் அலை கரையும். இப்போது கேளுங்கள்: பலகைக்குப் பதில் கார்களுக்கே நேரடியாகச் செய்தி அனுப்பினால், நூற்றுக்கு எத்தனை கார்கள் அதன்படி நடந்தால் போதும்? ஒரு தீசிஸுக்கு இந்தக் கேள்வி தாராளம்.

அடுத்து, தானியங்கி கார் ஒன்றுகூட இல்லாமல் நெரிசல் தானாக உருவாகிற கணினி மாடலைக் கட்டுங்கள். 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டார்கள். சிக்னல் இல்லை, விபத்து இல்லை; ஆனாலும் கொஞ்ச நேரத்தில் நின்று நின்று நகரும் அலை வந்துவிட்டது. உங்கள் மாடலில் அந்த அலை வராவிட்டால் மேலே போகாதீர்கள். இல்லாத நோய்க்கு மருந்து கண்டுபிடித்தது போலாகிவிடும். அதே மாதிரி வட்டத்தில், இருபத்துச் சொச்சம் கார்களில் ஒன்றின் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தி அலையை அடக்கிய அரிசோனா பரிசோதனை 2018இல் வெளியானது. 2022 நவம்பரில் நாஷ்வில் நகரின் ஐ-24 நெடுஞ்சாலையில் 100 கார்களோடு அதைப் பெரிய அளவில் செய்துபார்த்தார்கள். மூன்றையும் இதே வரிசையில் படியுங்கள்.

மாடலைச் சரிபார்க்க, ட்ரோனிலிருந்து எடுத்த ஜெர்மன் நெடுஞ்சாலைத் தரவான ஹைடி நல்லது. 2005இல் கலிஃபோர்னியாவில் எடுத்த என்ஜிசிம் தரவை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதில் கார்களின் முடுக்கம் சில இடங்களில் நம்ப முடியாத அளவுக்கு எகிறும். சுத்தம் செய்யாமல் தொட வேண்டாம்.

சிமுலேஷனுக்கு, அதாவது போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப்பார்க்க, இலவசமாகக் கிடைக்கும் சுமோ மென்பொருளே போதும். ஜெர்மன் விண்வெளி மையம் 2001 முதல் வளர்த்து வருவது. ஆனால் அதன் இயல்பு அமைப்புகளை அப்படியே விட்டால் முடிவு கெட்டுப்போகும். இந்த இடத்தில் மட்டும் தயவுசெய்து நிதானமாக இருங்கள். ஒரு வண்டி 300 விநாடி நகராமல் நின்றால் சுமோ அதை அங்கிருந்து தூக்கி வேறிடத்தில் வைத்துவிடும். திரையில் நெரிசல் குறைந்தது போலத் தெரியும். குறைத்தது உங்கள் அல்காரிதம் இல்லை. அந்த அமைப்புக்கு -1 கொடுத்து நிறுத்துங்கள். சாலை நிரம்பிவிட்டால் புதிய வண்டிகள் உள்ளே வராமல் வெளியே காத்திருக்கும். அந்தக் காத்திருப்பையும் பயண நேரத்தோடு கூட்டுங்கள், இல்லாவிட்டால் மோசமான கட்டுப்பாடுகூட நல்லதாகத் தெரியும். கார்களின் நிலையை சுமோ கணக்கிடும் கால இடைவெளி ஒரு விநாடி என்று இருக்கும். 0.6 விநாடி இடைவெளியில் பின்தொடரும் கார்களை அதில் ஓட்ட முடியாது, அதை 0.1க்குக் குறைத்துவிடுங்கள். ரேண்டம் சீட் எண்ணை (தற்செயல் மாற்றங்களைத் தொடங்கிவைக்கும் எண்) மாற்றாவிட்டால் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடைதான் வரும். பல எண்களில் ஓட்டி, சராசரியோடு விலகலையும் காட்டுங்கள்.

பிறகுதான் தானியங்கி கார். ரேடாரை மட்டும் நம்பி முன் காரைத் தொடர்வதையும், முன் காரிடமிருந்து வயர்லெஸ்ஸில் செய்தி வாங்கித் தொடர்வதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். சந்தையில் விற்ற ஏழு கார் மாடல்களின் ரேடார் க்ரூஸ் கன்ட்ரோலை (முன் காரைப் பார்த்துத் தானே வேகத்தைச் சரிசெய்யும் வசதி) அமெரிக்காவில் சோதித்தபோது, ஏழுமே முன்னால் போட்ட பிரேக்கைப் பெரிதாக்கித்தான் பின்னால் கடத்தின. செய்தி பரிமாறும் கார் இதைச் சரிசெய்யும், முன்னால் போவதும் அதே வசதியுள்ள காராக இருந்தால். நூற்றில் பத்துக் கார்களுக்கு அந்த வசதி இருக்கிறது, எல்லாம் கலந்து ஓடுகின்றன என்று வையுங்கள். அந்தப் பத்தில் சராசரியாக ஒன்றுக்குத்தான் அப்படி ஒரு கார் முன்னால் அமையும். மற்ற ஒன்பதும் ரேடார் மட்டும் உள்ள கார்கள் போலத்தான் ஓடும். அதனால் 100 சதவீதத்துக்கு வரைந்த வரைபடத்தைவிட, 5, 10, 20 சதவீதத்தில் என்ன நடக்கிறது என்று பொறுமையாகப் பார்ப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். சாலையை நிர்வகிக்கும் பொறியாளருக்கு அதுதான் நாளைக்கே உதவும். அந்தப் பத்துக் கார்களையும் ஒரே லேனுக்கு வரச்சொன்னால் என்ன ஆகும் என்பதும் அங்கேதான் பிறக்கிற கேள்வி. கார்களைச் சேர்த்து நிர்வகிக்கும் கூட்டு மேலாண்மை என்பதே அதுதானே.

செய்தி தாமதமாக வருவதையும், வராமலே போவதையும் மாடலில் சேருங்கள். ஐரோப்பியத் தரத்தில் ஒரு கார் விநாடிக்கு ஒன்று முதல் பத்து முறை வரை தன் நிலையைச் சொல்லும். கூட்டம் கூடினால் அந்த எண்ணிக்கை குறையும். நெரிசலில்தான் செய்தி அதிகம் தேவை என்பதால் இதை விட்டுவிட முடியாது.

இங்கே முதல் வருட முடிவில் தொடரலாமா வேண்டாமா என்று ஒரு மதிப்பீடு உண்டு. அதற்கு நெரிசல் அலை வருகிற அடிப்படை மாடலும், அது உண்மைத் தரவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற ஒரு படமும் கையில் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. கடைசித் தேர்வு சரியாக ஒரு மணி நேரம். நேரம் முடிந்ததும் கோலோடு பல்கலைக்கழக அலுவலர் ஒருவர் உள்ளே வந்து அறிவித்துவிடுவார், பாதி பதிலில் இருந்தாலும் நிறுத்த வேண்டியதுதான். கேள்விகள் பெரும்பாலும் மனித ஓட்டுநர் மாடலைப் பற்றியே வரும். ஒவ்வொரு படத்துக்கும் சுமோவின் பதிப்பு எண், சீட் எண், அமைப்புக் கோப்பு மூன்றையும் அன்றன்றைக்கே எழுதிவைத்துவிடுங்கள்.